அரசும் கவிதைமொழியும்: செலீம், இஸ்மாயில் கவிதைகளை முன்வைத்து

1514ஆம் ஆண்டு சால்டிரான் போர்க்களத்தில் உஸ்மானியச் சுல்தான் முதலாம் செலீமின் படையும் சஃபாவிய மன்னர் முதலாம் ஷா இஸ்மாயிலின் படையும் மோதின. இதனைத் துருக்கியர் – ஈரானியர் இனப்போராகக் கருதும் பார்வைக்கு அவ்விருவரின் கவிதைகள் இடந்தரவில்லை. ஈரானை ஆண்ட இஸ்மாயில் ‘கதாயி’ என்னும் புனைபெயரில் பெரும்பாலும் துருக்கிய மொழியில் பாடினார். உஸ்மானியரான செலீமின் கவிதைத் தொகுப்போ பாரசீகத்தில் அமைந்தது.

இம்முரணுக்கு அக்கால மொழிவழக்கே விளக்கம் தருகிறது. பாரசீகம், அனத்தோலியா முதல் இந்தியா வரை அரசவையினரும் கற்றோரும் போற்றிய இலக்கிய மொழி. துருக்கியமோ இஸ்மாயிலின் படைவலிமையாக விளங்கிய கிசில்பாஷ் குடியினரின் மொழி. எனவே செலீம் புலமை மரபை நோக்கியும் இஸ்மாயில் தம் அடியவரை நோக்கியும் பாடினர் எனக் கொள்ளலாம். உஸ்மானிய ஆட்சிக்குட்பட்டிருந்த அனத்தோலியாவின் அலெவி மக்கள் கதாயியின் பெயரில் வழங்கும் பாடல்களை இன்றும் வழிபாட்டில் பாடுவது இதற்கு அரண் செய்கிறது.

1974இல் வெளிவந்த மார்ஷல் ஹாட்ஜ்சனின் ‘இஸ்லாத்தின் பெரும்பயணம்’ என்னும் ஆங்கில நூல், பாரசீக மொழியினர் அல்லாதோரும் பங்கேற்ற இப்பண்பாட்டு வெளியைத் தனிக் கருத்தாக்கமாக வகுத்தது. அதன்வழிச் செல்லும் ஆய்வுகள் அரசு, இனம், மொழி ஆகிய மூன்றையும் ஒன்றெனக் கொள்வதில்லை. அவற்றை ஒன்றாக்கியது பிற்காலத் தேசியப் பார்வை. அதனைப் பதினாறாம் நூற்றாண்டின் மீது ஏற்றினால், இரு மன்னர்களின் கவிதைகளும் தத்தம் நாட்டு இலக்கிய வரலாற்றில் இடமின்றிப் போகும்.