கம்ப்யூட்டருக்கு இரண்டு மூளை: ஜோடி பார்த்து வாங்க வேண்டும்!

இரட்டை மாட்டு வண்டிக்கு மாடு வாங்குகிறவர், ஜோடி பார்த்துத்தான் வாங்குவார். ஒன்று உயரம், மற்றொன்று குட்டை என்றால் வண்டி ஓடாது.

இரண்டு மூளை உள்ள கம்ப்யூட்டருக்கும் இதே கதைதான்!

கம்ப்யூட்டரின் மூளைக்குப் "புராசசர்" என்று பெயர். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்றுதான் இருக்கும். பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் இரண்டு இருப்பது உண்டு. வேலை சீக்கிரம் முடியும்.

விலை சரிந்தது!

2012-ம் ஆண்டில் அமெரிக்காவின் இன்டெல் கம்பெனி, "ஜியான் இ5-2670" என்ற புராசசரை வெளியிட்டது. அதன் விலை 1,500 டாலருக்கு மேல்! அதற்குள் 8 "கோர்"கள் உண்டு. 8 ஆட்கள் ஒரே நேரத்தில் வேலை செய்வது போன்றது அது. ஜோடியாகப் போட்டால் 16 ஆட்கள்!

பிறகு பெரிய கம்பெனிகள் புதிய கம்ப்யூட்டர்களுக்கு மாறின. பழையவை கழித்து விற்கப்பட்டன. 2016-ம் ஆண்டில் அதே புராசசர் 100 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது.

குறைந்த பணம் உள்ளவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால், மலிவு என்று கண்டதை வாங்கினால் காசு வீண்!

எண்ணில் இருக்கிறது ரகசியம்

"இ5" என்பதை அடுத்து வரும் முதல் எண்ணைப் பார்க்க வேண்டும். அது 1 என்றால், அந்தப் புராசசர் தனியாகத்தான் வேலை செய்யும். 2 என்றால், இரண்டு சேர்ந்து வேலை செய்யும். 4 என்றால், நான்கு வரை சேரும்.

இ5-1650 என்ற புராசசரும் அதே குழியில் அழகாக உட்காரும். ஆனால் இன்னொரு புராசசருடன் பேசும் வழி அதற்கு இல்லை. இரண்டு வாங்கினாலும் பயன் இல்லை!

எண்ணுக்குப் பின்னால் "வி2", "வி3" என்று இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். "வி3" வகைக்கு வேறு குழி, வேறு மதர்போர்டு தேவை. "வி2" பழைய குழியில் உட்காரும். ஆனாலும் மதர்போர்டு அதை ஏற்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு புராசசர்களும் ஒரே எண், ஒரே வகையாக இருக்க வேண்டும். மேல் மூடியில் பொறித்த குறியும் ஒன்றாக இருந்தால் கவலையே இல்லை.

மற்றச் செலவுகள்

செலவு இதோடு முடியாது. ஒவ்வொரு புராசசருக்கும் தனித்தனியே நினைவகம் போட வேண்டும். சூடு தணிக்கும் விசிறியும் இரண்டு வேண்டும். முழு வேகத்தில் ஓடினால் ஒன்று சுமார் 115 வாட் மின்சாரம் இழுக்கும். ஜோடிக்கு 230 வாட்!

விண்டோஸ் "ஹோம்" ஒரு புராசசரை மட்டுமே பயன்படுத்தும். இரண்டும் வேலை செய்ய "புரோ" வேண்டும். லினக்ஸ் என்றால் இலவசம்.

இன்னொன்றும் உண்டு. 2019-ம் ஆண்டில் ஏ.எம்.டி. கம்பெனி, ஒரே புராசசருக்குள் 16 கோர்களை வைத்து வீட்டுக் கம்ப்யூட்டருக்கே விற்றது. அதன் பெயர் ரைசன் 9 3950எக்ஸ். ஆகவே, பழைய ஜோடி வாங்குமுன் மொத்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நல்லது.

மாடு மலிவு என்று வாங்கிவிட்டு, வண்டிக்கும் வைக்கோலுக்கும் கடன் வாங்கலாமா?