எண்வழிப் பொறியும் மாணவர் கைத்திறனும்

அறிவு வேறு, கைத்திறன் வேறு எனப் பிரித்துப் பேசுதல் கல்வியுலகில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்காகும். ஏட்டைப் படிப்போன் பட்டறைக்குள் நுழைவதில்லை. உளியைப் பிடிப்போன் கணக்கை நாடுவதில்லை. இப்பிரிவு பொருந்தாதென்பதைக் காட்டவல்ல கருவியொன்று இன்று பல நாட்டுப் பாடசாலைகளில் மேசைமீது வைத்துப் பயிலப்படுகின்றது. சி. என். சி. என்னும் சுருக்கப் பெயரால் வழங்கும் கணினி எண்வழிக் கட்டுப்பாட்டுப் பொறியே அது. அதனை முழுப்பொறியாக வாங்காது, உறுப்புக்களின் தொகுதியாக வாங்கி மாணவரே பொருத்தியமைக்கும்போது அவர் பெறும் பயன் யாது என்பது சிந்தித்தற்குரியது.

இப்பொறியின் தொழில் எளிது. விரைந்து சுழலும் வெட்டலகு ஒன்றை இட வலமாகவும், முன் பின்னாகவும், மேல் கீழாகவும் நகர்த்தி, மரத்தையோ பிளாஸ்ரிக்கையோ மென்மையான உலோகத்தையோ குறித்த வடிவிற் செதுக்குதலே அது. கணித வகுப்பில் தாளில் வரையப்படும் அச்சுக்கள் ஈண்டு உலோகத் தண்டுகளாகி நிற்கின்றன.

எண்களைக் கொண்டு வெட்டும் பொறியை இயக்கும் முறை வானூர்தித் தொழிலிற் பிறந்தது. ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்தில் ஜோன் பார்சன்ஸ் என்பார் ஹெலிகொப்ரரின் சுழலிறகுகளைச் செய்து வந்தார். இறகின் வளைவுக்கேற்ற மாதிரித் தகடுகளை வெட்டுதற்கு, அவரும் பிராங் ஸ்ரூலன் என்னும் பொறியியலாளரும் வளைகோட்டிலுள்ள புள்ளிகளின் ஆள்கூறுகளைக் கணித்து அட்டவணையாக்கினர். ஒருவர் எண்களை வாசிக்க, வேறிருவர் அச்சுக்கு ஒருவராக நின்று கைபிடிகளைத் திருப்பினர். இவ்வேலையைப் பொறியே செய்தல் கூடுமா என்ற வினா 1949 இல் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தை அடைந்தது. 1952 இல், துளையிட்ட நாடாவை வாசித்து மூன்று அச்சுக்களிலும் இயங்கும் மில்லிங் பொறியொன்றை அங்கு இயக்கிக் காட்டினர். அதனை ஆண்ட சுற்றுக்கள் வெற்றிடக் குழாய்களாலானவை. பெரும் பெட்டகங்களை நிரப்பியவை.

அத்துணைப் பெரிய சுற்று இன்று உள்ளங்கையில் அடங்கும் பலகையாயிற்று. இத்தாலியின் ஐவ்ரியா நகரில் 2005 இல் மாணவர் பயிற்சிக்கெனத் தோன்றிய ஆர்டுயினோப் பலகையும், அப்பலகையைக் கொண்டு இத்தகைய பொறிகளை ஆள்வதற்கென 2009 இல் இலவசமாக வெளியிடப்பட்ட கேர்பில் என்னும் செய்நிரலும் இதற்கு வழிவகுத்தன. 2011 இல் ஐக்கிய அமெரிக்காவில் எட்வட் போர்ட் என்பார் அறிமுகஞ் செய்த ஷேப்போக்கோ முதலிய தொகுதிகள் வந்தபின், பெரும் பட்டறையில்லாதோரும் பொறியைத் தாமே பொருத்துதல் இயல்வதாயிற்று.

தொகுதியைத் திறக்கும் மாணவர் காண்பவை அலுமினியச் சட்டங்கள், சில்லுகள், பற்பட்டிகள், மோட்டர்கள், ஒரு சுற்றுப்பலகை, பல திருகாணிகள் என்பனவே. இவற்றைப் பொருத்துகையில் அவர் கற்கும் முதற்பாடம் செங்கோணமாகும். சட்டம் செங்கோணமாக அமையாவிடின் பொறி வெட்டும் சதுரமெல்லாம் சாய்ந்தே பிறக்கும். இதனை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டா. ஒரு பக்கத்தில் 300 மில்லிமீற்றரும் அடுத்த பக்கத்தில் 400 மில்லிமீற்றரும் குறித்துக் குறிகளுக்கிடையே அளந்தால் 500 மில்லிமீற்றர் வரல்வேண்டும். பரீட்சைக்கென மனனஞ் செய்த பைதகரஸ் தேற்றம், எத்திருகாணியைத் தளர்த்துவது, எதனை இறுக்குவது எனத் தீர்ப்புக் கூறும் நடுவராகி விடுகின்றது.

இரண்டாம் பாடம் விகிதம். இப்பொறிகளிலுள்ள படிநிலை மோட்டர், மின்துடிப்பு ஒன்றுக்கு ஒரு படியாகத் திரும்புவது. பெரும்பாலானவற்றில் ஒரு சுற்றுக்கு 200 படிகள் உள. ஒவ்வொரு படியையும் சுற்றுப்பலகை 16 நுண்படிகளாகப் பகுக்குமாயின், ஒரு சுற்றுக்கு 3200 துடிப்புக்கள் வேண்டும். மோட்டரின் கப்பியில் 20 பற்களும், பட்டியின் பற்களிடையே 2 மில்லிமீற்றர் தூரமும் இருப்பின், ஒரு சுற்றில் வெட்டலகு 40 மில்லிமீற்றர் நகரும். ஆகவே ஒரு மில்லிமீற்றருக்கு 80 துடிப்புக்கள்.

எனினும் கணக்கு முடிந்தவிடத்து வேலை முடிவதில்லை. 100 மில்லிமீற்றர் செல்லுமாறு பணித்தபோது 99 மில்லிமீற்றரே சென்றதெனின், பட்டி தளர்ந்துளதா, கப்பி வழுக்குகின்றதா என முதலில் ஆராய்தல் வேண்டும். குறை அங்கில்லையெனக் கண்டபின்னரே 80 ஐ 100 ஆற் பெருக்கி 99 ஆல் வகுத்து, 80.81 எனத் திருத்துதல் முறை. காரணத்தை நாடாது எண்ணை மட்டும் மாற்றுவோன் பிழையை மறைத்தவனேயன்றித் திருத்தியவனல்லன்.

மூன்றாவது, பொறியின் மொழி. ஜி 0 என்பது விரைந்து செல்க என்றும், ஜி 1 என்பது குறித்த வேகத்தில் நேர்கோட்டிற் செல்க என்றும் பொருள்படும். ஜி 2, ஜி 3 என்பன முறையே வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் வில்வழியே செல்லப் பணிப்பன. இம்மொழியில் உவமையில்லை, குறிப்புப் பொருளில்லை, சொன்னதே செய்யப்படும். மேல் நோக்கவேண்டிய அலகை ஒரு குறி மாறியதாற் கீழ் நோக்கப் பணிப்பின், அது மேசையையே துளைக்கும்.

இவற்றினும் பெரிய பாடம் ஒன்றுளது. மேசைப் பொறிகளுட் பெரும்பாலானவை தாம் நிற்குமிடத்தை அறியா. ஆயிரந் துடிப்புக்கள் அனுப்பினமையால் அத்தனை தூரம் சென்றிருப்போம் எனக் கொள்வனவேயன்றி, சென்றனமா எனத் திரும்பி நோக்குவன அல்ல. அளவுக்கு மீறிய ஆழத்தில் வெட்டுகையில் மோட்டர் சில படிகளைத் தவறவிடினும், பொறி தயங்காது எஞ்சிய கட்டளைகளையெல்லாம் பிழையான இடத்திலே நிறைவேற்றும். ஆதலின் வெட்டலகுக்குப் பதில் பேனாவைப் பொருத்தித் தாளில் வரைந்து பார்த்தலும், மரத்துக்கு மேலே வெறுமையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தலும், கண்காப்பு அணிந்து நிறுத்தும் பொத்தானருகே நிற்றலும் இன்றியமையாதனவாம். பொறிக்கில்லாத ஐயவுணர்வை மனிதனே கொண்டிருத்தல் வேண்டும்.

இஃது பாடசாலையோடு முடியும் செய்தியன்று. எண்வழி முறை தோன்றிய காலத்திலேயே, தேர்ந்த தொழிலாளியின் கையசைவுகளைக் காந்த நாடாவிற் பதிந்து பொறியை அவ்வாறே இயக்கும் வேறொரு முறையும் அமெரிக்காவில் ஆராயப்பட்டது. அம்முறை பின்தள்ளப்பட்டு எண்வழி முறை மேலோங்கியதற்குத் தொழினுட்பச் சிறப்பு மட்டும் காரணமன்று. பட்டறையின் அதிகாரத்தைத் தொழிலாளியின் கையினின்றும் அலுவலகத்துக்கு மாற்றும் விருப்பமும் ஒரு காரணமென டேவிட் நோபிள் 1984 இல் வெளியிட்ட நூலில் வாதித்தார். அவர் முடிபை முற்றும் ஏற்பினும் ஏலாவிடினும், திட்டமிடுவோன் ஒருவன், பொறியருகே நிற்போன் வேறொருவன் என்ற பிரிவு பல தொழிற்சாலைகளில் வேரூன்றியமை மறுத்தற்கரிது.

முழுப்பொறியை வாங்கிப் பொத்தானை அழுத்தும் மாணவன் அப்பிரிவின் ஒரு பாதியையே கற்கின்றான். தொகுதியாக வாங்கிப் பொருத்துவோன் இரு பாதிகளையும் கற்கின்றான். வரைபவனும் கணிப்பவனும் திருகாணியை இறுக்குபவனும் பிழையைத் தேடுபவனும் அவன் ஒருவனே. முதலில் வெட்டப்படும் சதுரம் சற்றே கோணியிருத்தல் இயல்பு. அதற்குக் காரணம் யாதென அளவுகோலை எடுத்துப் பொறியை நோக்கி அவன் செல்வானாயின், அக்கோணற் சதுரமே அவன் பெற்ற கல்விக்குத் தக்க சான்றாகும்.