பச்சிளம் குழந்தைக்குக் கதகதப்பு



எடை குறைந்து பிறக்கும் குழந்தையின் உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும். 36.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஆபத்து. குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் இன்குபேட்டர் கருவிக்கோ விலை அதிகம். தடையில்லா மின்சாரமும் வேண்டும்.

இதற்காக 2007இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் வடிவமைத்ததுதான் ‘எம்ப்ரேஸ்’. பிறகு, பெங்களூருவுக்கே வந்து அதை மேம்படுத்தினார்கள். இது குழந்தையைப் பொதியும் சிறு பை; அதற்குள் மெழுகு போன்ற பொருள் இருக்கும். சூடேற்றி உருக்கினால், அது மெல்ல இறுகும்போது சுமார் 37 டிகிரி வெப்பத்தைச் சில மணி நேரம் சீராகத் தரும்.

எல்லா வீடுகளுக்கும் பயன்படும் செலவில்லாத வழி ஒன்று உண்டு: மருத்துவர் சொல்கிறபடி, குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைப்பது. பிறந்த முதல் நாளில் குளிப்பாட்ட வேண்டாம்.