ஒடுக்கு எடுத்தல்

தெருத்தெருவாக வந்து, நசுங்கிய பித்தளை அண்டாக்களுக்கும் செம்புக் குடங்களுக்கும் ஒடுக்கு எடுத்து, ஈயம் பூசித் தந்த தொழிலாளர்கள் ஒருகாலத்தில் தமிழகத்து ஊர்களில் மிகுந்திருந்தனர். குழிவிழுந்த பாத்திரத்தைத் தூக்கி எறியும் வழக்கம் அன்று இல்லை. உலோகத்தில் விழுந்த பள்ளத்தைத் தட்டி நிமிர்த்தும் அந்த அறிவு மறைந்துவிடவில்லை. ஊர்தி பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. அங்கு ‘டிங்கரிங்’ என்பதே பெருவழக்கு. எனினும், ‘ஒடுக்கு’ என்னும் நல்ல தமிழ்ச்சொல்லும் உடன் வாழ்கிறது. அடிபட்ட பழைய வேன் ஒன்றின் பம்பரைக் கழற்றிச் செப்பனிடும் முறையைப் பார்த்தால், இத்தொழிலில் பொதிந்துள்ள அறிவியல் விளங்கும்.

சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு 20, பஜாஜ் டெம்போ நிறுவனத்தின் மெட்டடார் ஆகியன பழைய தலைமுறை வேன்கள். இத்தகைய வேன்களில் ஓட்டுநரின் இருக்கை ஊர்தியின் முன்முனையை ஒட்டியே அமைந்திருக்கும். கார்களில் இருப்பதுபோல் நீண்ட முன்மூக்கு இல்லை. ஓட்டுநரின் முழங்காலுக்கும் எதிரே வரும் பொருளுக்கும் இடையில் மெல்லிய தகடும் ஒரு பம்பருமே இருக்கின்றன. ஆகவே, பம்பர் அங்கு அழகுக்கான உறுப்பன்று.

பழைய பம்பர், அச்சில் அழுத்தி வளைத்த எஃகுத் தகட்டால் ஆனது. ஊர்தியின் உடற்பகுதித் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. பம்பர் தகடு அதைவிடத் தடித்தது. ‘பிராக்கெட்’ எனப்படும் இரும்புத் தாங்கிகள் வழியாக அது சேசிஸ் என்னும் அடிச்சட்டத்தோடு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். பிரான்சின் ரெனால்ட் 5 என்னும் கார் 1972ஆம் ஆண்டிலேயே நெகிழிப் பம்பருடன் வந்தது. இன்றைய ஊர்திகளில் வெளியே தெரிவது நெகிழி உறை. மோதலைத் தாங்கும் விட்டம் அதன் பின்னே மறைந்திருக்கிறது. உறை உடைந்தால் மாற்றிவிடுவதே வழக்கம். எஃகுப் பம்பரையோ நிமிர்த்த முடியும்.

கண்ணுக்குத் தெரியாத சேதம்

சுவரிலோ கம்பத்திலோ மோதிய வேனைப் பட்டறைக்குக் கொண்டுவரும் உரிமையாளர் முன்புறத்துப் பள்ளத்தைக் காட்டுவார். தேர்ந்த தொழிலாளி பள்ளத்தைப் பார்ப்பதற்கு முன் தரையில் படுத்துப் பம்பரின் பின்புறத்தைப் பார்ப்பார். மோதலின் விசை தகட்டில் நின்றுவிடுவதில்லை. தகட்டிலிருந்து தாங்கிக்கும், தாங்கியிலிருந்து போல்ட்டுக்கும், அங்கிருந்து அடிச்சட்டத்தின் முனைக்கும் அது பரவுகிறது. தகட்டில் சிறு பள்ளமே விழுந்திருக்க, தாங்கி முறுக்கிக்கொண்டிருப்பதும் உண்டு.

அந்தச் சேதம் சில அடையாளங்களை விட்டுச் செல்லும். தாங்கியின் மடிப்பில் பெயிண்ட் கோடுகோடாக வெடித்திருக்கும். வட்டமாக இருந்த போல்ட் துளை நீள்வட்டமாக இழுபட்டிருக்கும். கதவுக்கும் அதன் சட்டத்துக்கும் இடையேயுள்ள இடைவெளி மேலே அகன்றும் கீழே குறுகியும் தோன்றும். ஐயம் வந்தால், அடிச்சட்டத்தின் இருபுறமும் ஒன்றுக்கொன்று நேரான புள்ளிகளைத் தேர்ந்து, தூக்குக்குண்டால் அவற்றைத் தரையில் குறித்து, மூலைக்கு மூலை அளந்து பார்ப்பர். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமமாக இருக்கும் என்பது கீழ்வகுப்பில் கற்ற பாடமே. இரு அளவுகளும் மாறுபட்டால் சட்டமே கோணியிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் பம்பரை மட்டும் நிமிர்த்துவது பயனற்ற வேலை.

கழற்றாமலேயே தட்டிக் கொடுத்தால் செலவு குறையும் என்று கேட்போரும் உளர். அவ்வாறே செய்து தருவோரும் உளர். பம்பர் ஊர்தியில் இருக்கும்போது அதன் பின்புறத்தைத் தாங்கிப்பிடிக்க இடமிராது. அடிக்கும் ஒவ்வோர் அடியும் ஏற்கெனவே நலிந்த தாங்கிகளுக்கே போய்ச் சேரும். அந்தச் சிக்கனத்தை ஏற்பதற்கில்லை.

துருவோடு ஒரு போராட்டம்

கழற்றுவதற்கு முன் மின்கலத்தின் எதிர்முனை இணைப்பை நீக்க வேண்டும். பம்பரில் விளக்குகள் இருப்பின் அவற்றின் கம்பிகளை அடையாளமிட்டுப் பிரிக்க வேண்டும். இவை எளியவை. பொழுதை விழுங்குபவை துருவேறிய போல்ட்டுகளே.

இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுகிறது. போல்ட்டின் மறைக்கும் நட்டின் மறைக்கும் இடையே மயிரிழை அளவே வெளி உண்டு. அங்கே உருவாகும் துரு விரிய இடமின்றி இரண்டையும் நெருக்கிப் பூட்டிவிடுகிறது. இதை வலிமையால் வெல்ல முயன்றால் போல்ட் முறியும். எனவே, கம்பித்தூரிகையால் மேல்துருவைத் தேய்த்து நீக்கியபின், மெல்லிய ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு காத்திருப்பர். நிலத்தடி நீரை மண் உறிஞ்சி மேலேற்றும் அதே நுண்புழை விளைவால், எண்ணெய் தானாகவே மறைகளுக்குள் ஏறுகிறது. காத்திருப்பதும் இத்தொழிலில் ஒரு கருவியே.

மறுநாள் நட்டின் ஆறு முனைகளையும் பற்றும் ரிங் ஸ்பானரைப் பயன்படுத்த வேண்டும். வாய்திறந்த ஸ்பானர் முனைகளை மழுக்கிவிடும். முதலில் இறுக்கும் திசையில் சற்றே அசைத்துத் துருவின் பிடியை உடைத்து, அதன்பின் தளர்த்துவது அனுபவசாலிகளின் வழக்கம். அப்போதும் அசையாவிடில் நட்டை மட்டும் சூடாக்குவர். சூட்டில் நட் விரிந்து பிடி தளரும். எரிபொருள் குழாயோ ரப்பர் உறுப்போ அருகிலிருந்தால் தீயை நெருங்கவிடக் கூடாது. துத்தநாகம் பூசிய போல்ட்டைச் சூடாக்கும்போது எழும் புகை உடல்நலத்துக்குத் தீங்கானது. காற்றோட்டமுள்ள இடமே ஏற்றது. எதற்கும் மசியாத நட்டை அறுத்தெடுப்பதே கடைசி வழி. இறுதி இரு போல்ட்டுகளை நீக்கும்போது பம்பரை ஏந்திப்பிடிக்க ஓர் ஆள் வேண்டும். கீழே படுத்திருப்பவர்மீது பம்பர் விழுந்த விபத்துகள் இந்த ஓர் ஆள் இல்லாமையால் நேர்ந்தவை.

நிமிர்த்தும் கலை

எஃகை இலேசாக வளைத்துவிட்டால் பழைய நிலைக்கே திரும்பும், இது மீட்சித்தன்மை. ஓர் எல்லையைக் கடந்து வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். பம்பரில் தெரியும் பள்ளத்தில் இவ்விரண்டும் கலந்திருக்கின்றன. பள்ளத்தைச் சுற்றியுள்ள கூரிய மடிப்பே எல்லை கடந்து வளைந்த பகுதி. நடுவில் உள்ள அகன்ற குழிவு பெரும்பாலும் அந்த மடிப்பால் சிறைப்பட்டுக் கிடக்கும் பகுதிதான். மடிப்பை விடுவித்தால் குழிவு தானே பெருமளவு மேலெழும். இதை அறியாதவர் குழியின் நடுவில் ஓங்கி அடிப்பார். அறிந்தவர் விளிம்பில் மெல்லத் தட்டுவார்.

வளைந்த இடத்தில் எஃகு முன்னிலும் கடினமாகிவிடுகிறது என்பதையும் கருத வேண்டும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் சில முறை வளைத்தால் ஒடிகிறதே, அதற்கும் இதுவே காரணம். ஆகவே, மடிப்பை ஒரே முயற்சியில் எடுக்க முயலாமல், மோதலின்போது கடைசியாக உண்டான சேதத்தை முதலிலும், முதலில் உண்டானதைக் கடைசியிலும் எடுப்பர். மோதல் நடந்த வரிசையைத் தலைகீழாக மீண்டும் நடத்திப் பார்ப்பது போன்றது அது.

தகட்டின் ஒருபுறம் இரும்புக் கட்டையைத் தாங்கிப்பிடித்து, மறுபுறம் சுத்தியலால் தட்டுவர். கட்டைக்கு நேர்மேலே அடித்தால் தகடு மெலிந்து நீளும். கட்டைக்குச் சற்று விலகி அடித்தால் மேடு தாழ, பள்ளம் உயரும். பின்னதே பெரும்பாலும் தேவைப்படுவது. மிகையாக அடித்து நீண்டுவிட்ட தகடு, விரலால் அழுத்தினால் ‘டப்’ என உள்ளே போய், விட்டால் வெளியே வரும். அவ்விடத்தில் சிறு புள்ளியளவு சூடாக்கி ஈரத்துணியால் குளிரவைத்துச் சுருக்குவர்.

விரிசல் கண்ட இடத்தில் அதன் முனையில் ஒரு சிறு துளையிட்டால் விரிசல் மேலும் ஓடாது. பிறகு பற்றவைத்து, மேட்டை அரைத்துச் சமன்செய்யலாம். குரோமியம் பூசிய பம்பரைப் பற்றவைப்பதாயின் பூச்சை முறைப்படி நீக்கியபின்னரே செய்ய வேண்டும். அதன் புகை நச்சுத்தன்மை உடையது.

துரு அரித்து ஓட்டையான இடத்தை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்துப் பற்றவைப்பதே முறை. அங்கே பட்டியை அடைத்து மூடுவது நேர்மையற்ற வேலை. பட்டி என்பது சிறு மேடுபள்ளங்களை நிரப்பும் பசை. 100 பங்குக்கு ஏறத்தாழ 2 பங்கு கடினமாக்கியைக் கலந்து பூசப்படுவது. அதன் தடிமன் 3 மில்லிமீட்டரைத் தாண்டாதிருப்பது நல்லது. பட்டி நீரை உறிஞ்சும். ஆதலால் பிரைமர் அடிக்குமுன் ஈரம்படாமல் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பழைய வேனை வாங்க வருவோர் சிலர் சட்டைப்பையில் சிறு காந்தத்தோடு வருவர். பட்டி தடித்திருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது. மேற்பூச்சு எவ்வளவு பளபளத்தாலும் காந்தத்தை ஏமாற்ற இயலாது.

மீண்டும் பொருத்துதல்

அடிபட்ட பம்பருக்கு முன்னால் கனத்த இரும்புக் குழாய்த் தடுப்பைப் பொருத்திக்கொள்ளும் வழக்கமும் பரவியிருந்தது. அது மோதலின் விசையை நேரே அடிச்சட்டத்துக்குக் கடத்துகிறது. எதிரே வரும் பாதசாரிக்கோ பெருந்தீங்கு விளைக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவுக்கு முரணான அத்தடுப்புகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் நடுவண் அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. பம்பரை ஒழுங்காகச் செப்பனிட்டவருக்கு அது தேவைப்படுவதுமில்லை.

துருவேறிய பழைய போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்தலாகாது. போல்ட்டின் தலையில் 8.8 என்பதுபோல் பொறித்த எண் அதன் வலிமையைக் குறிக்கும். பழையதற்கு ஈடான எண்ணுடைய புதிய போல்ட்டையே இட வேண்டும். எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் தளர்வாக மாட்டி, பம்பருக்கும் உடற்பகுதிக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒத்திருக்கிறதா என்று பார்த்தபின், மாறிமாறி இறுக்க வேண்டும். வாசருக்கு அடியில் உள்ள புதுப்பெயிண்ட் நாளடைவில் நசுங்கி அமிழும்; அதனால் பிடி தளரும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் அதே ஸ்பானரோடு ஒருமுறை குனிந்து, ஒவ்வொரு நட்டையும் மீண்டும் இறுக்கிப் பார்ப்பதோடுதான் வேலை முடிகிறது.