சுந்தரர் தேவாரத்தில் விண்ணப்பம்: நெல்லும் கண்ணும்

திறவுச்சொற்கள்: சுந்தரர், ஏழாம் திருமுறை, விண்ணப்பம், தோழமை, அடிமைத்திறம்

முன்னுரை

பக்தி இலக்கியத்தில் அடியவர் வேண்டுவன பிறவி நீக்கமும் திருவடிப்பேறுமே எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. சுந்தரர் அருளிய ஏழாம் திருமுறை இக்கருத்திற்குள் முழுமையாக அடங்குவதன்று. நெல்லைச் சுமக்க ஆள் இல்லாக் குறையும் கண்ணொளி இழந்த பெருந்துயரும் அங்கு ஒரே இறைவன்முன் வைக்கப்படுகின்றன. இவ்விரு விண்ணப்பங்களுக்கும் பொதுவான அடிப்படை யாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நெல் விண்ணப்பம்

திருக்கோளிலிப் பதிகத்தின் (7:20) சூழல் எளியது. குண்டையூரில் நெல் கிடைத்துவிட்டது. அதனைத் திருவாரூருக்குக் கொண்டுசெல்ல ஆள் இல்லை. இல்லத்தில் பரவையார் பசியால் வருந்துகிறார். சுந்தரர் வேண்டுவது ஆள் உதவி ஒன்றே. வேண்டும் முறையும் கருதத்தக்கது. உமையை உடலின் பாதியாகவும் கங்கையைச் சடையிலும் கொண்ட இறைவனுக்கு மகளிர்படும் துன்பம் தெரியாததன்று என்பது அவர்தம் வாதம். இறைவனும் இல்லறத்தான் ஆதலின் இல்லத்தின் குறையை அவனிடம் சொல்லக் கூச்சம் இல்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இந்நெல்லை மலையாகக் காட்டுகிறார். பூதங்கள் அதனைச் சுமந்து திருவாரூர்த் தெருக்களை நிரப்ப, அவரவர் மனையெல்லைக்குட்பட்ட நெல்லை அவரவரே எடுத்துக்கொள்ளுமாறு பரவையார் பறையறைவிக்கிறார். பதிகமோ ‘சில’ நெல் என்றே குறிக்கிறது. பூதங்கள் அங்கு இல்லை. அற்புதத்தில் மனம் ஊன்றுவோர் இச்சிறுமையைக் கடந்து சென்றுவிடுகின்றனர். விண்ணப்பத்தின் உயிர் அச்சிறுமையிலேயே உள்ளது.

திருமுதுகுன்றப் பதிகத்திலும் (7:25) பரவையார் முன்னிலையில் தம் ‘இட்டளம்’, அதாவது துன்பத் தளர்ச்சி, நீங்க வேண்டுமென்கிறார். நாகைக்காரோணத்தில் (7:46) கத்தூரி, சாந்து, குதிரை எனப் பட்டியல் நீள்கிறது.

கண் விண்ணப்பம்

சங்கிலியாருக்கு அளித்த சூளுறவை மீறித் திருவொற்றியூரை நீங்கியதால் சுந்தரர் பார்வை இழந்தார் என்பது பெரியபுராணச் செய்தி. காஞ்சியில் ஒரு கண் பெற்றபின் திருவாரூரில் பாடிய பதிகத்தில் (7:95) பணிவான வேண்டுகோளினும் இடித்துரையே மிகுதி. அடியார் வருந்தத் தாம் மட்டும் இனிது வாழ்ந்துகொள்ளலாம் என்று இறைவனை எள்ளும் தொனி பாடல்தோறும் ஒலிக்கிறது. சிறு குறையைச் சொல்லும்போது குழைந்த குரல், பெருந்துயரில் பூசலிடுகிறது.

தோழமையா, அடிமையா?

இவ்வுரிமைக் குரலுக்குத் தோழமை நெறியே காரணம் எனச் சைவ மரபு விளக்கும். ‘தம்பிரான் தோழர்’ என்னும் பெயரும் அதற்குத் துணைநிற்கும். இவ்விளக்கம் தொனிக்குப் பொருந்துகிறது. சொல்லாட்சிக்கு முழுதும் பொருந்தவில்லை. கோளிலியிலும் முதுகுன்றத்திலும் சுந்தரர் தம்மை ‘அடியேன்’ என்றே சுட்டுகிறார். உரத்த பூசலாகிய திருவாரூர்ப் பதிகமோ மீட்சியற்ற அடிமைத்திறத்தைச் சொல்லியே தொடங்குகிறது. திருவெண்ணெய்நல்லூரில் இறைவன் ஆளோலை காட்டி வழக்கிட்டு அவரை ஆட்கொண்ட வரலாற்றை இங்கு இணைத்து நோக்குதல் வேண்டும். ஓலை ஆளை மட்டும் பிணிப்பதன்று, ஆண்டானையும் பிணிக்கும். ஆளின் உணவும் உடலும் ஆண்டானின் பொறுப்பாகும்போது, நெல்லைக் கேட்பதும் கண்ணைக் கேட்பதும் ஒரே உரிமையின் இரு வடிவங்களாகின்றன. தோழன் கேட்டு மறுக்கப்படலாம். மீளா ஆளை ஆண்டான் கைவிடுதல் ஓலைக்கே முரணாகும்.