நுண்பைப் போக்குவரத்து

நுண்பைப் போக்குவரத்து என்பது, புரதம் முதலிய பொருள்கள் சவ்வாலான சிறு பைகளில் அடைக்கப்பட்டுச் செல்லுக்குள்ளும், செல்லுக்கு உள்ளிருந்து வெளியேயும், வெளியிலிருந்து உள்ளேயும் கொண்டுசெல்லப்படும் முறையாகும். இப்பைகள் நுண்பைகள் அல்லது வெசிக்கிள்கள் எனப்படும். ஆக்சிஜன் போன்ற சிறு மூலக்கூறுகள் செல்சவ்வின் ஊடே நேராகப் புகுந்துவிடும். சுரக்கப்படும் புரதங்கள் பெரும்பாலும் நுண்பைகள் வழியாகவே வெளியேறுகின்றன.

இன்சுலினின் பயணம்

கணையத்தின் பீட்டா செல்களில், இன்சுலினின் முன்வடிவமான புரோஇன்சுலின் எண்டோபிளாச வலைக்குள் உருவாகிறது. வலையின் சவ்வு மொட்டுப்போலப் புடைத்துப் பிரிவதால் நுண்பை தோன்றுகிறது. அது புரோஇன்சுலினைக் கோல்கை உறுப்பிற்குக் கொண்டுசேர்க்கிறது. அங்கே பொருள்கள் சேருமிடத்திற்கேற்பத் தரம் பிரிக்கப்பட்டுப் புதிய பைகளில் ஏற்றப்படுகின்றன. இப்பைகளுக்குள் புரோஇன்சுலின் வெட்டப்பட்டு இன்சுலினாகிறது. பைகள் நுண்குழல்களின் மீது, கைனசின் என்னும் புரதத்தால் இழுக்கப்பட்டுச் செல்லின் விளிம்பை நோக்கி நகர்கின்றன.

உணவுக்குப்பின் இரத்தத்தில் சர்க்கரை உயரும்போது, கால்சியம் அயனிகள் பீட்டா செல்லுக்குள் நுழைகின்றன. அதைத் தொடர்ந்து, விளிம்பில் காத்திருக்கும் பைகளின் சவ்வு செல்சவ்வுடன் ஒன்றுகலந்து, இன்சுலின் வெளியேறுகிறது. இந்நிகழ்வு எக்சோசைட்டாசிஸ் எனப்படும்.

சவ்வுகள் இணைதல்

நுண்பையின் மீதும், அது சேரவேண்டிய சவ்வின் மீதும் ஸ்னேர் எனப்படும் புரதங்கள் உள்ளன. இவை கயிற்றுப் புரிகள்போல ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, இரு சவ்வுகளையும் நெருக்கி இணைக்கின்றன. பொருந்தும் ஸ்னேர்கள் சந்தித்தால்தான் இணைவு நடைபெறும். எனவே பொருள் இடம்மாறிச் சேருவது பெரிதும் தவிர்க்கப்படுகிறது.

உள்வாங்குதல்

செல்சவ்வு உட்குழிந்து நுண்பையாகி, வெளிப்பொருளை உள்ளே கொண்டுவருவது எண்டோசைட்டாசிஸ் ஆகும். இரத்தத்திலுள்ள எல்.டி.எல். கொழுப்புத் துகள்களைச் செல்கள் இம்முறையில் பெறுகின்றன. அதற்கான ஏற்பிகள் பிறவியிலேயே பழுதுபட்டிருந்தால், இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்து இளவயதிலேயே மாரடைப்பு ஏற்படக்கூடும்.

ஆய்வு வரலாறு

சுரப்புப் புரதங்களின் பாதையைக் கண்டறிந்த ஜார்ஜ் பலாடே 1974ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை இருவருடன் பகிர்ந்துகொண்டார். போக்குவரத்து ஒழுங்குபடும் விதத்தை விளக்கிய ராண்டி ஷெக்மன், ஜேம்ஸ் ராத்மன், தாமஸ் சூடாஃப் ஆகியோர் 2013ஆம் ஆண்டு அப்பரிசைப் பெற்றனர்.

தடைபட்டால்

காயத்தின் வழியே புகும் டெட்டனஸ் கிருமியின் நச்சு, தண்டுவட நரம்புசெல்களிலுள்ள ஒரு ஸ்னேர் புரதத்தை வெட்டிவிடுகிறது. தசைகளைத் தளர்த்தும் செய்தியைச் சுமக்கும் நுண்பைகளால் தம் பொருளை வெளியிட முடிவதில்லை. தசைகள் இறுகுகின்றன, தாடை பூட்டிக்கொள்கிறது, மூச்சு தடைபட்டு உயிரிழப்பும் நேரலாம். நரம்புசெல்லுக்குள் புகுந்துவிட்ட நச்சை எதிர்ப்பொருளால் முறிக்க இயலாது. ஆகவே தடுப்பூசியை உரிய காலத்தில் முன்கூட்டியே போட்டுக்கொள்வது இன்றியமையாதது.