அநுபவம் எங்கே கிடைக்கும்?

"கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. பி.எஸ்ஸி. ரஸாயனம் பாஸ் செய்துவிட்டு லாபரட்டரி உத்தியோகத்துக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளையும் பெண்களையும் கேட்டுப் பாருங்கள். அந்தப் பழமொழியைத் தங்களுக்காகவே யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பார்கள்! "இரண்டு வருஷ அநுபவம் உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்" என்கிறது விளம்பரம். உத்தியோகம் கொடுத்தால்தானே ஐயா அநுபவம் வரும்? அநுபவம் இருந்தால்தான் உத்தியோகம் என்றால் முதல் படியில் எப்படிக் கால் வைப்பது?

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல இது. அந்த வீட்டிலே பட்டம் வாங்கிய முதல் பெண் அவளாக இருப்பாள். அவள் படிப்புக்காக அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போயிருக்கும். ஒரு வருஷம் காத்திருந்து பார்த்துவிட்டு, கடைசியில் ஜவுளிக் கடையில் பில் போடச் சேர்ந்துவிடுவாள். அந்த வேலையில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று வருஷம் பியூரெட்டைப் பிடித்துப் பழகிய கை, ஒரே வருஷத்தில் அந்தப் பழக்கத்தை மறந்துவிடுமே, அதுதான் நஷ்டம்!

இந்த முடிச்சை அவிழ்க்க வழி இருக்கிறதா? இருக்கிறது. 'அநுபவம்' என்றால் என்ன என்பதை முதலில் தெரிந்துகொண்டால் பாதி முடிச்சு தானே அவிழ்ந்துவிடும்.

நாலு கிராம் போதுமா?

இண்டர்வியூவில் அடிக்கடி கேட்கக்கூடிய கேள்வி ஒன்று. "0.1 நார்மல் காஸ்டிக் சோடாக் கரைசல் ஒரு லிட்டர் தயார் செய்ய வேண்டும். எவ்வளவு எடுப்பாய்?"

"நாலு கிராம் ஸார்!" என்று உடனே பதில் வரும். சரியான பதில்தான், புஸ்தகத்தில் இருப்பது அதுதான். ஆனால் கேட்டவர் அத்துடன் விடமாட்டார். "நாலு கிராம் நிறுத்துப் போட்டுவிட்டால் கரைசல் சரியாக 0.1 ஆகிவிடுமா?" என்பார்.

ஆகாது. காஸ்டிக் சோடா டப்பாவைத் திறந்த மாத்திரத்தில் அது காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக்கொள்ளத் தொடங்கிவிடும். தராசில் நாம் நிறுப்பது காஸ்டிக் சோடாவை மட்டும் அல்ல. கொஞ்சம் தண்ணீரையும் சேர்த்துத்தான். ஆகையால் ஆக்ஸாலிக் அமிலம் போன்ற ஒரு நம்பகமான பொருளின் கரைசலோடு டைட்ரேஷன் செய்து, அதன் உண்மையான வலிமையைக் கண்டுபிடித்துப் புட்டியின் மேல் எழுதி, தேதியும் போட்டு வைக்க வேண்டும்.

முதல் பதில் படிப்பு. இரண்டாவது பதில் அநுபவம். இரண்டாவது பதிலைச் சொல்ல இரண்டு வருஷம் வேண்டியதில்லை. நல்ல இடத்தில் இரண்டு மாதம் கை வைத்து வேலை செய்தாலே போதும்.

பெரிய வாசல், சிறிய வாசல்

அந்த நல்ல இடம் எது? லாபரட்டரி என்றதும் பலருக்கு அடையாற்றிலுள்ள தோல் ஆராய்ச்சி நிலையமும், காரைக்குடி மின் வேதியியல் ஆராய்ச்சி நிலையமும், கல்பாக்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. பெரிய வாசல்கள்தாம், தட்ட வேண்டியவையுந்தாம். ஆனால் அங்கே மட்டும் நின்றுகொண்டிருந்தால் கூட்டத்தில் ஒருவராக நிற்க வேண்டியதுதான்.

உங்கள் ஜில்லாவைச் சுற்றிப் பாருங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஜில்லாதோறும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. வேளாண்மைத் துறைக்கு மண் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. கரும்பு ஆலைகளில் அரைவைப் பருவம் தொடங்கினால் சாற்றைச் சோதிக்க ராப்பகலாக ஷிப்டு நடக்கும். பருவத்துக்கு மட்டும் ஆள் எடுப்பதும் உண்டு. திருப்பூரில் சாயக் கழிவு நீரையும், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் தோல் கழிவு நீரையும் சுத்திகரிக்கும் பொது நிலையங்கள் இருக்கின்றன. அங்கே தண்ணீரைச் சோதிக்காத நாள் கிடையாது.

பால் பண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். கெர்பர் முறையில் பாலின் கொழுப்பை அளக்கும்போது, கந்தக அமிலம் 10 மில்லி, பால் 10.75 மில்லி, அமைல் ஆல்கஹால் 1 மில்லி ஒரு குழாயில் சேர்கின்றன. பிறகு யந்திரத்தில் சுழற்றினால் கொழுப்பு மேலே வந்து நிற்கிறது. சின்னக் காரியந்தான். ஆனால் அமிலம் கொதிப்பதுபோல் சூடேறும் அந்தக் குழாயைத் தினம் ஐம்பது தடவை கவனமாகப் பிடித்தவருக்கு வராத நிதானம் வேறு யாருக்கு வரும்?

ஒரு எச்சரிக்கை. ரத்தப் பரிசோதனை நிலையங்கள் வேறு ஜாதி. அவற்றுக்கு மருத்துவ லாபரட்டரிப் பயிற்சி தனியாகப் படித்திருக்க வேண்டும். ரஸாயனப் பட்டம் மட்டும் அங்கே போதாது.

சட்டம் திறந்த கதவு

1961-ஆம் வருஷத்திய அப்ரண்டிஸ் சட்டம் உங்களுக்குத் தெரியுமா? வெகு காலம் வரையில் சாதாரண பி.எஸ்ஸி. பட்டதாரிக்கு அதில் இடமில்லை. 2014-இல் செய்த திருத்தந்தான் என்ஜினீயர் அல்லாத பட்டதாரிகளுக்கும் கதவைத் திறந்தது. 2019-ஆம் வருஷத்து விதிகளின்படி 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஸ்தாபனங்கள், தங்கள் ஆட்கணக்கில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித் தொகையாக மாதம் ரூ. 9,000 அந்த விதிகளில் நிர்ணயிக்கப்பட்டது. தென்னாட்டுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் கிடைக்கும் சர்க்கார் சர்டிபிகேட்டை எந்த முதலாளியிடமும் நிமிர்ந்து நின்று காட்டலாம்.

இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் கோடை விடுமுறையைத் தூங்கிக் கழிக்க வேண்டாம். பெங்களூர், டில்லி, பிரயாகையிலுள்ள மூன்று விஞ்ஞானக் கழகங்களும் சேர்ந்து, மாணவர்களை இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் அனுப்பும் திட்டத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வந்திருக்கின்றன. மனு வாங்கும் காலம் கோடைக்கு வெகு முன்னாலேயே வந்துவிடும். கண் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு ஆபீஸர் செய்த காரியம்

சர். சி. வி. ராமன் 1907-இல் கல்கத்தா சென்றது விஞ்ஞானியாக அல்ல. சர்க்கார் கணக்கு இலாகா அதிகாரியாக. அங்கே பௌபஜாரில் ஒரு விஞ்ஞானச் சங்கத்தின் பலகை அவர் கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் ஸ்தாபித்த சங்கம் அது. ராமன் போய்க் கதவைத் தட்டினார். ஆபீஸுக்கு முன்னும் பின்னுமாக, 1917 வரையில் பல வருஷம் அங்கே உழைத்தார். அதன் பிறகே அவருக்குப் பேராசிரியர் பதவி வந்தது. 1930-இல் நோபல் பரிசும் வந்தது.

அவருடன் உழைத்த கே. எஸ். கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். அவர் முதலில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ரஸாயன டெமான்ஸ்டிரேட்டராக இருந்தார். படித்த கல்லூரியிலேயே ஒரு சிறு வேலை கிடைக்குமா என்று கேட்பதில் வெட்கம் என்ன?

எப்படிக் கேட்பது?

"ஏதாவது வேலை கொடுங்கள்" என்று எழுதாதீர்கள். ஒரே பக்கக் கடிதம் போதும். தரக் கட்டுப்பாட்டு அதிகாரியின் பெயருக்கே எழுதுங்கள். "நான் தண்ணீரின் கடினத்தன்மையை இ.டி.டி.ஏ. முறையில் கண்டுபிடிப்பேன்; திராட்சைச் சிவப்பு நீலமாக மாறும் இடம் எனக்குப் பழக்கம். மூன்று மாதம் தினம் வரத் தயார்" என்பதுபோல் இருக்கட்டும். செய்யத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். நேரிலே செய்து காட்டச் சொல்வார்கள்!

வேலை கிடைத்ததும் ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள். எந்தத் தேதி, எந்தச் சோதனை, எத்தனை மாதிரி, என்ன தவறு நேர்ந்தது, எப்படித் திருந்தியது என்று பேனாவால் எழுதுங்கள். தப்பு வந்தால் ஒரே கோடு கிழித்துக் கையெழுத்திடுங்கள்; அழிக்கக் கூடாது. அது லாபரட்டரி தர்மம். ஸ்தாபனத்தின் ரகசியங்கள் மட்டும் அதில் ஏற வேண்டாம். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற கூடமாக இருந்தால் இன்னும் நல்லது. யார் யாருக்கு என்ன பயிற்சி கொடுத்தோம் என்று அவர்களே பதிவு வைத்தாக வேண்டும்.

பணம் வாங்கிக்கொண்டு 'அநுபவ சர்டிபிகேட்' தருகிறோம் என்பவர்களிடம் ஜாக்கிரதை! காகிதம் கிடைக்கும், ஆனால் காஸ்டிக் சோடாக் கேள்வி வரும்போது அந்தக் காகிதம் வாய் திறக்காது. அமிலப் புகை வெளியேற வழியும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாத இடத்தையும் விட்டுவிடுங்கள். கண் போனால் எந்த அநுபவமும் திருப்பித் தராது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வருஷச் சம்பளம் ஹாஸ்டல் செலவுக்கும் பஸ்ஸுக்குமே சரியாகப் போய்விடலாம். "இதற்காகவா படிக்க வைத்தேன்?" என்று கேட்டுவிடாதீர்கள். வீட்டு வரவு செலவைப் பிள்ளையையும் பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "ஆறு மாதமோ ஒரு வருஷமோ, இத்தனை காலம் நாங்கள் தாங்குகிறோம், அதற்குள் நீ கற்றுக்கொள்" என்று கெடு வைத்துச் சொல்லுங்கள். கெடு தெரிந்தால் அவர்களுக்கும் நாளின் அருமை தெரியும்.

கெடு முடியும்போது அந்த நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். விஷயம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. முதல் பக்கத்தில் அடித்தல் அதிகமாகவும் கடைசிப் பக்கத்தில் குறைவாகவும் இருந்தால், பணம் வீண் போகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.